பெப்டைடுன்னா என்ன, டீச்சர்?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள், முதல் பாடவேளை முடிந்து வெளியே வந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி. "நீங்க நல்லதுன்னு சொன்னீங்களாம் டீச்சர். அதை நம்பித்தான் வாங்கிக் கொடுத்தேன். 450 ரூபா. ஒரு மாசமா தினமும் பூசுறா. தழும்பு அப்படியேதான் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அந்த மாணவியின் வலது முன்கையில் ஒரு பெரிய தழும்பு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சோறு வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி கொட்டிவிட்டது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போதுகூடப் புத்தகத்தால் அந்தக் கையை மறைத்துக்கொண்டுதான் நிற்பாள். ஜூன் மாதத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து, "பெப்டைடுன்னா என்ன, டீச்சர்?" என்று கேட்டாள். அப்போது நான் குறிப்பேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, "புரதத்தோட சின்னத் துண்டும்மா. சோயாவுல இருந்தெல்லாம் எடுப்பாங்க. உடம்புக்கு நல்லதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் அவள் கேட்டது வேறு. கைபேசியில் பார்த்த ஒரு விளம்பரத்தை நம்பலாமா என்று கேட்டிருக்கிறாள். நான் ஒரு வரையறையைச் சொல்லி, அதற்குக் கீழே என் கையொப்பத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அன்று அந்தப் பெட்டியை வாங்கிப் படித்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் சோயா பெப்டைடு, தாவரக் கொலாஜன், தோல் செல்களைப் புதுப்பிக்கும் என்றெல்லாம் இருந்தது. அடுத்த சில வாரங்கள் மாலை நேரங்களில் இதைப் பற்றியே படித்தேன். படித்ததை வகுப்பில் எப்படிக் கொண்டுசென்றேன் என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்த விளம்பரங்கள் வருகின்றன. உங்கள் வகுப்பிலும் யாராவது ஒருத்தி இதே கேள்வியோடு நிற்கக்கூடும்.

காகித வளையங்கள்

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. நம் உடலின் புரதங்களில் 20 வகை அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்பதை உடலால் தானே செய்துகொள்ள முடியாது. உணவில் இருந்துதான் வரவேண்டும். சங்கிலி நீளமாக இருந்தால் புரதம், அதிலிருந்து அறுந்த சிறு துண்டு பெப்டைடு. இரண்டு மணி கோத்ததும் பெப்டைடுதான், இருபது மணி கோத்ததும் பெப்டைடுதான்.

இதைக் கரும்பலகையில் எழுதினால் அரைமணி நேரத்தில் மறந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது நிறச் சார்ட் தாள்களைக் கீற்றுகளாக வெட்டி, குழுக்களுக்குப் பைகளில் போட்டுக் கொடுத்தேன். நிறங்கள் ஒரே வரிசையில் மாறி மாறி வருமாறு வளையங்களை ஒட்டிச் சங்கிலி செய்ய வேண்டும். அரிசிப் பையில் மஞ்சள் கீற்றுகளைக் குறைத்து வைத்திருந்தேன். மஞ்சள்தான் லைசின், அரிசிப் புரதத்தில் அது குறைவு. பருப்புப் பையில் நீலத்தைக் குறைத்தேன். நீலம் மெத்தியோனின், பருப்பு வகைகளில் குறைவாக இருப்பது அது.

அரிசிக் குழுவுக்கு மஞ்சள் தீர்ந்ததும் சங்கிலி நின்றுவிட்டது. மற்ற எட்டு நிறங்களும் மேசை மேல் குவிந்து கிடக்கின்றன, பயனில்லை. "மிச்சத்தை என்ன பண்றது டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். உடலிலும் அதே நிலைதான். சேமித்து வைக்க இடமில்லை. மிச்சமான அமினோ அமிலங்களின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது, மீதி ஆற்றலுக்காக எரிக்கப்படுகிறது. சற்று நேரத்தில் அரிசிக் குழுவும் பருப்புக் குழுவும் தாமாகவே பேரம் பேசி நிறங்களை மாற்றிக்கொண்டன. இரு சங்கிலிகளும் வளர்ந்தன. பின் வரிசையில் இருந்து ஒரு குரல்: "இட்லி!" நான் அதைத் திட்டமிடவில்லை. அடுத்து பொங்கல், சாம்பார் சாதம், பருப்பு சாதம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.

சோயாப் பை கடைசியாக வந்தது. அதில் ஒன்பது நிறமும் இருந்தன. நீலம் மட்டும் கொஞ்சம் குறைவு, ஆனாலும் சங்கிலி நிற்கவில்லை. தாவர உணவுகளில் இப்படி ஏறக்குறைய முழுமையான புரதம் அமைவது அரிது. அளவிலும் சோயா முன்னால் நிற்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம், வேர்க்கடலையில் சுமார் 25 கிராம், சோயா மொச்சையில் 36 முதல் 40 கிராம் வரை. எண்ணெய் நீக்கிச் செய்யும் மீல் மேக்கரில் சுமார் 50 கிராம்.

தோல் தன்னைத்தானே தைத்துக்கொள்ளும் விதம்

பெட்டியின் மேல் இருந்த கொலாஜன் என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் தோலின் ஈரத்தை நீக்கிவிட்டு எடை பார்த்தால் அதில் முக்கால் பங்குக்கு அருகில் இந்தப் புரதம்தான். மூன்று இழைகளை ஒன்றாகத் திரித்த மூன்று புரிக் கயிறு என்று வகுப்பில் சொன்னேன். கயிறு திரிக்கும் ஊர்ப் பிள்ளைகள் என்பதால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் அவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது.

தோலில் காயம் பட்டதும் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்கள் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த செல்களையும் அப்புறப்படுத்துகின்றன. காயம் சிவந்து வீங்குவது அப்போதுதான். பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் வந்து கொலாஜனை நெய்யத் தொடங்குகின்றன. மேலே மேல்தோல் செல்கள் ஓரங்களில் இருந்து நடுவை நோக்கி நகர்ந்து மூடுகின்றன. மூடிவிட்டது என்று நாம் நினைக்கும்போது உள்ளே வேலை பாதியில் இருக்கிறது. அவசரத்தில் போட்ட கொலாஜனைப் பிரித்து உறுதியான கொலாஜனாக மாற்றிக் கட்டும் பணி பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் நடக்கும்.

இந்தக் கட்டுமானத்துக்குக் கல்லும் மணலும் நாம் உண்ணும் புரதத்தில் இருந்து வரும் அமினோ அமிலங்கள். போதிய புரதம் உண்ணாதவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாவதும், அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர்கள் புரதம் கூட்டி உண்ணச் சொல்வதும் இதனால்தான். சோயாவில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தாராளமாக உண்டு. காயம் பட்ட காலத்தில் உடலுக்கு அதன் தேவை கூடுகிறது.

ஆனால் புரதம் மட்டும் இருந்தால் போதாது. கொலாஜன் இழையில் உள்ள புரோலின் என்ற மணியில் ஒரு சிறு வேதி மாற்றம் நடந்தால்தான் மூன்று புரியும் இறுகி நிற்கும். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி வேண்டும். 1740களில் உலகைச் சுற்றிய ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பல்களில் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அந்தப் பயணக் குறிப்பில் ஒரு முதிய மாலுமி வருகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1690ஆம் ஆண்டுப் போர் ஒன்றில் அவருக்குப் பட்டு முழுதாக ஆறியிருந்த காயம், கப்பலில் மறுபடி வாய் திறந்துகொண்டது. இதைச் சொன்னதும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது. ஆறிய தழும்பில் உள்ள கொலாஜன்கூட ஒருமுறை கட்டியதோடு முடிந்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டப்படுகிறது. வைட்டமின் சி நின்றுபோனால் பிரிப்பது நடக்கும், கட்டுவது நடக்காது. சோறும் பருப்பும் உண்கிற பிள்ளைக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ ஏன் முக்கியம் என்பதை இதைவிட நன்றாக விளக்கும் கதை எனக்குக் கிடைக்கவில்லை.

தழும்பு ஏன் மறைவதில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. காயமே படாத தோலில் கொலாஜன் பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. தழும்பில் அது பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே மயிர்க்கால்கள் இல்லை, வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆறிய இடம் அதிகபட்சம் பழைய வலிமையில் 80 விழுக்காட்டைத்தான் எட்டுகிறது. இரண்டு ஆண்டு பழைய தீக்காயத் தழும்பை ஒரு கிரீம் கரைத்துவிடும் என்றால், அது அந்தப் பாயை முழுதாகப் பிரித்து மறுபடி முடைய வேண்டும். அப்படி ஒரு கிரீம் இல்லை. தடித்துப் புடைத்த தழும்புகளுக்குச் சிலிக்கோன் ஜெல் பட்டை போன்ற சிகிச்சைகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பூசினால் உள்ளே போகுமா?

தோல் நம்மைச் சுற்றிய மதில். எதையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் அதன் வேலை. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு மேல் இருந்தால் நலமான தோலைக் கடந்து போவது மிகக் கடினம் என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் சுட்டிக்காட்டினார்கள். இது தோராயமான விதிதான். ஆனாலும் நம் கணக்குக்குப் போதும். ஓர் அமினோ அமிலத்தின் சராசரி எடையை 110 டால்டன் என்று கொண்டால் 500 டால்டனுக்குள் எத்தனை மணி அடங்கும்? பிள்ளைகளே வகுத்துச் சொன்னார்கள்: நான்கு, மிஞ்சினால் ஐந்து. சோயாவின் முக்கியப் புரதங்களில் ஒன்றான கிளைசினினின் எடை மூன்று லட்சம் டால்டனுக்கும் மேல். பள்ளியின் கம்பிக் கதவு இடுக்கில் பூனை நுழைந்துவிடும், மாடு நுழையாது.

கிரீம்களில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் நொதியாலோ அமிலத்தாலோ உடைத்த சோயாப் புரதம். பல அளவுத் துண்டுகளின் கலவை அது. பெரும்பகுதி தோலின் மேலேயே தங்கிவிடும். தங்கினாலும் ஒரு பயன் உண்டு: அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், மெல்லிய படலமாக நின்று தோலை மென்மையாக உணரச் செய்யும். உலர்ந்து வெடிக்கும் தோலுக்கு அது நல்லதுதான். அதைத் தோல் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது. ஈரம் ஆவியாவதைக் குறைக்கும் வேலையை வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயும் செய்கிறது.

இந்தத் துறை முழுதும் வெறும் விளம்பரம் என்று நான் சொல்லவில்லை. 1973இல் லோரன் பிக்கார்ட் என்ற ஆய்வாளர் மனித இரத்தத்தில் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைக் கண்டறிந்தார். செம்பு அயனியோடு சேரும் அந்தச் சிறு துண்டு காயம் ஆறுவதில் பங்கு பெறுவது பின்னர் ஆய்வகங்களில் தெரிந்தது. கொலாஜனின் முன்னோடிப் புரதத்தில் உள்ள ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்றும் இப்படித்தான். கொலாஜன் உடைகிறது, புதிதாக நெய்யுங்கள் என்று செல்லுக்குச் செய்தி சொல்வது போல அது செயல்படுகிறது. அதை ஆய்வகத்தில் செய்து, தோலுக்குள் நுழைய வசதியாக ஒரு கொழுப்பு அமில வாலையும் ஒட்டிக் கிரீம்களில் சேர்க்கிறார்கள். சிறிய அளவிலான ஆய்வுகளில் மெல்லிய சுருக்கங்கள் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் இவை இரண்டும் தாவரத்தில் இருந்து வந்தவை அல்ல. தழும்பை நீக்குவதாக நிறுவப்பட்டவையும் அல்ல.

தாவரக் கொலாஜன் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. தாவரங்களில் கொலாஜன் கிடையாது. அது விலங்குகளின் புரதம். அந்தச் சொல்லைப் பெட்டியில் பார்த்தால் மற்றச் சொற்களையும் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது.

எங்கே படிப்பது? பின்பக்கத்தில், பொடி எழுத்தில். அழகுப் பொருட்களில் 1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருட்களை அளவு கூடியதில் இருந்து குறைந்ததாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 1 விழுக்காடும் அதற்குக் குறைவானதும் அதன்பின் எந்த வரிசையிலும் வரலாம். நான் படித்த பெட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், மெழுகு வகைகள். பிறகு நறுமணப் பொருள், கெடாமல் காக்கும் பொருள். அவற்றுக்கும் கீழே, கடைசிக்கு முந்தைய இடத்தில் சோயாப் புரதம். முன்பக்கத்தில் பெரியதாக இருந்தது பின்பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடும் இந்த விளையாட்டு பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த நாள் சோப்பு உறை, பற்பசைப் பெட்டி, ஷாம்பு பாக்கெட் என்று வகுப்பறை ஒரு பலசரக்குக் கடையானது.

தாவரத்தில் இருந்து வந்தது என்றால் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் உடைக்கப்பட்ட கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். அதைத் தொடர்ந்து பயன்படுத்திய பலருக்கு, அதுவரை ஒன்றும் செய்யாத கோதுமை உணவே ஒவ்வாமையாகிவிட்டது. ரொட்டி சாப்பிட்டுவிட்டு நடந்தால் முகம் வீங்கியது, சிலருக்கு மூச்சுத் திணறியது. 2011இல் சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிப்பு உறுதி செய்யப்பட்டவர்கள் 2,000 பேருக்கும் மேல். சோயாவும் ஒவ்வாமை தரக்கூடிய முக்கிய உணவுகளில் ஒன்று. ஆறாத புண்ணின் மீது இவ்வகைக் கிரீம்களைப் பூச வேண்டாம் என்று மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தட்டில் ஒதுக்கப்பட்ட துண்டுகள்

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், அதுவரை கண்ணில் படாத ஒன்றைக் கவனித்தேன். நம் சத்துணவுப் பட்டியலில் மீல் மேக்கர் காய்கறி சாதம் இருக்கிறது. அது தரப்படும் நாளில் கைகழுவும் இடத்துக்கு அருகே உள்ள வாளியில் மீல் மேக்கர் துண்டுகளாகக் கிடந்தன. ஒரு பக்கம் பெப்டைடுக்கு 450 ரூபாய். மறுபக்கம் அதே சோயா, அரசு செலவில் தட்டுக்கு வந்து, வாளிக்குப் போகிறது.

ஒதுக்கியவர்களில் ஒருவன் எட்டாம் வகுப்பிலேயே மெலிந்த பையன். கபடியில் விழுந்து முழங்காலில் பட்ட சிராய்ப்பு மூன்று வாரமாக ஆறாமல் இருந்தது. அவன் முட்டையும் சாப்பிட மாட்டான். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு நாம் வாழைப்பழம் தருகிறோம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 1 கிராம்தான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மீல் மேக்கர் மற்றவர்களைவிட முக்கியம். 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 45 கிராமும் பெண் பிள்ளைக்கு 43 கிராமும் புரதம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. உலர்ந்த நிலையில் 20 கிராம் மீல் மேக்கர், அதாவது ஒரு சிறு கைப்பிடி, சுமார் 10 கிராம் புரதம் தரும்.

ஏன் ஒதுக்குகிறாய் என்று கேட்டேன். "கறி மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். அவன் வீட்டில் கறி சமைப்பதில்லை. பக்கத்தில் இருந்த யாரோ இது கறித்தூள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். இன்னொருவன், "அது ரப்பர்" என்றான். மூன்றாமவன் தயங்கித் தயங்கி, "அதைச் சாப்பிட்டா பசங்க பொம்பளை மாதிரி ஆயிடுவாங்களாம்" என்றான். மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மீல் மேக்கர் எப்படிச் செய்யப்படுகிறது என்று சொன்னதும் முதல் இரண்டும் தீர்ந்தன. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா மாநிலங்களில் பெருமளவு விளையும் சோயாவில் இருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவை, சூட்டோடும் அழுத்தத்தோடும் சிறு துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் நீராவி விரிந்து அது பொரிந்துவிடுகிறது. பஞ்சு போன்ற அந்தத் துளைகள் அப்படி வந்தவை. முறுக்கு அச்சைக் காட்டி விளக்கினேன்.

மூன்றாவதற்குச் சற்று நேரம் ஆனது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்னும் சேர்மங்கள் உள்ளன. அவற்றின் அமைப்பு ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையில் இருந்து பிறந்ததுதான் இந்த வதந்தி. ஆண்கள் சோயா உண்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டீரோன் அளவில் மாற்றம் தெரியவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாக ஆண்களும் பெண்களும் சோயா உண்டு வருகிறார்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மாத்திரையையும் சோயாவையும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது. மாத்திரை உடலில் சேர்வதை அது தடுக்கும். இது ஆசிரியர்களாகிய நம்மில் பலருக்கும் பயன்படும் செய்தி.

பச்சைச் சோயாவைப் பற்றியும் சொல்லவேண்டும். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருட்கள் அதில் இருக்கின்றன. 1917இல் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற அமெரிக்க அறிவியலாளர்கள் எலிகளுக்குப் பச்சைச் சோயாவைக் கொடுத்தபோது அவை சரியாக வளரவில்லை. வேகவைத்துக் கொடுத்ததும் நன்றாக வளர்ந்தன. வீட்டில் சோயா மொச்சை வாங்குகிறவர்கள் இரவு முழுதும் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, நன்றாக வேகவைக்க வேண்டும். மீல் மேக்கர் தயாரிக்கும்போதே சூடு கண்டுவிடுகிறது.

சோயாவின் மற்றப் பெருமைகளையும் அளவோடுதான் சொன்னேன். நாளொன்றுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதயநோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுபோல் இல்லாததால் 2017இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற அதுவே முன்மொழிந்தது. கெட்ட கொழுப்பு குறைவது உண்மை, ஆனால் சில விழுக்காடு அளவில்தான். லூனசின் என்ற 43 அமினோ அமிலச் சோயாப் பெப்டைடைப் புற்றுநோய் ஆய்வகங்களில் ஆராய்கிறார்கள். பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகில் லூனாஸ் என்றால் நிவாரணம். பெயர் அங்கிருந்து வந்தது. பெயரில் நிவாரணம் இருப்பதால் மருந்து வந்துவிட்டதாகாது.

அந்தப் பையனை அழைத்துக்கொண்டு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். செவிலியர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். மருத்துவர் இரத்தசோகை இருப்பதாகச் சொன்னார். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் பையில் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு வாரங்களில் புண் ஆறியது. சோயாதான் ஆற்றியது என்று சொல்ல மாட்டேன். சுத்தமாகக் கட்டியது, ஈ மொய்க்காமல் இருந்தது, மாத்திரை, சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான். சத்துணவு சமையலர் அக்காவிடம் பேசியதும் நல்ல பலன் தந்தது. மீல் மேக்கரைக் கொதிநீரில் போட்டு, இருமுறை பிழிந்து, கையால் உதிர்த்துச் சேர்க்கலாமே என்றேன். "உதிர்த்துட்டா ஒதுக்க முடியாதுல்ல" என்று சிரித்தார். வாளியில் விழுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பாடத்தின் கடைசியாகப் பையூரெட் சோதனை செய்தோம். முட்டை வெள்ளைக்கரு, சோயா மாவுக் கரைசல், சர்க்கரைக் கரைசல், அரிசிக் கஞ்சி, கூடவே அந்தக் கிரீமைத் தண்ணீரில் கலக்கிய கரைசல். ஒவ்வொன்றிலும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சிறிது, பிறகு காப்பர் சல்பேட் சில துளிகள். சோடியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும்; அதை நான் மட்டுமே ஊற்றினேன். முட்டையும் சோயாவும் நல்ல ஊதாவாக மாறின. சர்க்கரையும் கஞ்சியும் வெளிர் நீலமாகவே இருந்தன. கிரீமும் நீலம்தான்.

"அப்ப அதுல பெப்டைடே இல்லையா டீச்சர்?" என்று அந்த மாணவிதான் கேட்டாள். இம்முறை குறிப்பேடுகளை மூடி வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். இல்லை என்று இந்தச் சோதனை சொல்லாது. ஊதா வர ஓரளவாவது பெப்டைடு பிணைப்புகள் வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் நிறம் மாறாது. இருந்தாலும் இந்தச் சோதனையின் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியும். அவள் யோசித்துவிட்டு, "அப்ப ஊதா ஆகுறதைச் சாப்பிடணும்" என்றாள்.

அவள் அம்மாவை மறுபடி வரச் சொல்லி, என் பதிலில் இருந்த குறையை ஒப்புக்கொண்டேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பார்க்கும் நாளைக் கேட்டுச் சொன்னேன். தழும்பு இன்னும் இருக்கிறது. கையை மறைப்பது சில நாள் உண்டு, சில நாள் இல்லை. போன வாரம் அவளும் தோழியும் ஒரு ஷாம்பு பாக்கெட்டோடு வந்து நின்றார்கள். அதில் கெரட்டின் என்று எழுதியிருக்கிறது. பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க, ஆய்வகத்தில் இருந்து உருப்பெருக்கி கேட்கிறார்கள்.